பதினான்காவது கேள்வி

வரிசைப்படி சொல்ல வேண்டும். வரிசை மாறினால் பழியும் இடம் மாறிவிடும்.

முதல் ஆய்வு ஓர் ஐப்பசியில் வந்தது. நான்கு நாள் அடைமழையில் தோல் கம்பெனிக் கழிவு விழும் ஓடை கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தபோது பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். தண்ணீரில் குறையில்லை என்று எழுதினார்கள்.

இரண்டாவது ஆய்வுக்குத் தோல் பதனிடும் கம்பெனி வாசலில் மேஜை போட்டார்கள். வேலைக்கு வந்தவர்களின் நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டார்கள். இருமலால் வேலைக்கு வர முடியாதவர்கள் வீட்டில் படுத்து இருமிக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர்களின் நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள்.

மூன்றாவது ஆய்வில் எங்கள் ஊர் கொடிப்பாக்கத்தைக் கீழ்ப்பாடியோடு ஒப்பிட்டார்கள். கீழ்ப்பாடி எங்களுக்குக் கீழே, அதே ஓடையைக் குடிக்கும் ஊர். இரண்டுக்கும் வித்தியாசமில்லை என்று எழுதினார்கள். அது பொய்யில்லை.

நான்காவது ஆய்வை ஒரு பெண் மருத்துவர் செய்தார். வீடு வீடாக வந்தார். உட்கார்ந்து கேட்டார். ஒழுங்காகச் செய்தார். அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அறிக்கை இன்றுவரை வரவில்லை.

ஐந்தாவது ஆய்வை நாங்களே செய்தோம். ஐந்தாவது தவறும் எங்களுடையதே.

அந்த ஐந்தாவது ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தவர் மாசிலாமணி. அரசுக் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. அவருக்கு ஒரு குரு இருந்தார். பெயர் தனகோட்டி. வயது நாற்பத்தாறு. எட்டாம் வகுப்போடு நின்ற பெண். சுண்ணாம்புக் குழியில் இருபது வருடம் தோல் இழுத்தவர். அதற்கு மேல் படித்ததெல்லாம் துண்டறிக்கைகளில். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடலாம்.

மாசிலாமணி எங்கள் தொழிலாளர் சங்கத்துக்கு வந்த முதல் நாள் தனகோட்டியிடம், "எத்தனை பேரைக் கேட்டால் போதும் என்று நினைக்கிறீர்கள்?" என்றார். கேள்வியில் கொஞ்சம் சோதனை இருந்தது.

"நீங்க நெனைக்கிறது தப்புன்னு ஒருத்தன் சொல்ற வரைக்கும்," என்றார் தனகோட்டி.

அன்றிலிருந்து மாசிலாமணி அவரைத் 'தோழர்' என்று அழைத்தார். அவர் இல்லாதபோது 'குரு' என்றார். தனகோட்டி கடைசிவரை அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டார்.

*

அரசு ஒரு விசாரணைக் குழு போட்டிருந்தது. மூன்று பேர். கொடிப்பாக்கத்துக்குப் பாதிப்பு இல்லை என்று அவர்கள் முடிவு செய்தால் கம்பெனியின் இரண்டாவது கழிவுக் குழாய் ஓடையில் திறக்கப்படும். பாதிப்பு உண்டு என்றால் இருக்கிற குழாயும் மூடப்படும். கடைசி அமர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மாசிலாமணி சங்க அலுவலகத்தில் தாள்களோடு உட்கார்ந்திருந்தார். கூட்டலை மூன்று முறை போட்டுவிட்டார்.

"சொல்லுங்க சார்," என்றார் செயலாளர் ஏகாம்பரம். "எத்தினி வந்துச்சு?"

"பத்து வருஷத்தில் ஒரு வயசுக்குள்ள இறந்த குழந்தைகள். நம்ம ஊரில் இரண்டு."

"நாவல்மேட்டுல?"

நாவல்மேடு ஓடையின் மேல்பக்கம், கம்பெனிக்கு முன்னால் இருக்கும் ஊர். அதே ஜனம், அதே கூலி. தண்ணீர் மட்டும் வேறு. அதனால்தான் ஒப்பிட அந்த ஊரை எடுத்திருந்தார்கள்.

"மூணு," என்றார் மாசிலாமணி.

ஏகாம்பரம் நெற்றியைத் தேய்த்தார். "நல்ல தண்ணி குடிக்கிறவனுக்கு மூணு, விஷத்தைக் குடிக்கிறவனுக்கு ரெண்டா? கம்பெனிக்காரன் இதை ஃப்ரேம் போட்டு மாட்டுவான் சார்."

"கணக்கு அப்படித்தான் சொல்லுது."

"அப்ப ரெண்டுக்குப் பக்கத்துல ஒரு சுழி போடுங்க. அவங்க போடாததா?"

"என்னால முடியாது ஏகாம்பரம்."

"அப்படின்னா கிழிச்சுப் போட்டுடுங்க. ஆய்வே நடக்கல."

மாசிலாமணி அதற்கும் தலையாட்டவில்லை. சுவரோரம் உட்கார்ந்து கொடிக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த தனகோட்டியைப் பார்த்தார்.

"தோழர், நீங்க சொல்லுங்க. இதைக் குழுவிடம் கொடுக்கறதா, மறைக்கறதா?"

"வீடு வீடாப் போயி இன்னா கேட்டீங்க?"

"கொடுக்கறதா, மறைக்—"

"அது இல்ல சார். இன்னா கேட்டீங்க? படிங்க."

மாசிலாமணி படிவத்தை எடுத்தார். பதினான்காவது கேள்வியைப் படித்தார். "கடந்த பத்தாண்டுகளில் தங்கள் குடும்பத்தில் ஒரு வயது நிறைவடையாத குழந்தையின் இறப்பு ஏதேனும் நிகழ்ந்துள்ளதா?"

"யார் எழுதினது?"

"முதல்ல நான் எழுதினேன். 'குழந்தை ஏதாவது செத்துப்போச்சா' என்று. நீங்க அடிச்சிட்டு இப்படி மாத்தினீங்க."

"ஏன் மாத்தினேன்?"

"நம்ம ஜனங்களை யாரும் மரியாதை இல்லாம கேட்கக் கூடாது என்று சொன்னீங்க. மேடையில பேசற மாதிரி இருக்கணும் என்று சொன்னீங்க."

"ஆமா. எனக்கு அந்த வாக்கியம் ரொம்பப் புடிச்சிருந்துச்சு." தனகோட்டி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கொடியை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க."

*

தெருமுனையில் தண்ணீர் லாரி வந்திருந்தது. குடங்கள் வரிசையில் நின்றன. அவற்றுக்குப் பின்னால் பெண்கள் நின்றார்கள்.

தனகோட்டி ஒருத்தியின் முன்னால் நின்றார். ஜெகதா. அறுபத்தோராவது வீடு.

"கேளுங்க சார்."

மாசிலாமணி படிவத்தில் இருந்தபடியே கேட்டார்.

"அன்னிக்கே சொன்னேனே சார், இல்லன்னு," என்றாள் ஜெகதா. "எங்க மாமனாருதான் எறந்தாரு. அவருக்கு எம்பது வயசு."

"ஜெகதா," என்றார் தனகோட்டி. "உனக்கு எத்தினி தங்கல?"

ஜெகதா குடத்தைக் காலால் ஓரடி முன்னால் தள்ளினாள். வரிசை நகர்ந்திருந்தது.

"மூணுக்கா. மூத்தது ஆறு நாளு. நடுவுல ஒண்ணு அன்னிக்கே. அதுக்கப்புறம் ஒண்ணு ரெண்டு வாரம் இருந்துச்சு."

மாசிலாமணியின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

"அம்மா, இதை ஏன் அன்னைக்குச் சொல்லல?"

"நீங்க இதைக் கேக்கலியே சார்."

"குழந்தை இறப்பு என்று கேட்டேனே."

"சே, எறந்ததெல்லாம் இல்ல சார். தங்கல. அவ்ளோதான். பேரு வெச்சு, வளந்து, அப்புறம் போனாத்தான் எறந்ததுன்னு சொல்லுவாங்க."

பின்னால் நின்ற ஒருத்தி சிரித்தாள். "சாரு அவ்ளோ பெரிய தமிழ்ல கேட்டாரா, பெரியவங்கள பத்திதான் கேக்குறாருன்னு நெனச்சோம்."

"உனக்கு?" என்றார் தனகோட்டி அவளிடம்.

சிரிப்பு நின்றது. "ஒண்ணுக்கா."

அதற்குப் பின்னால் நின்றவள் யாரும் கேட்காமலே இரண்டு விரலைக் காட்டினாள். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். குடங்கள் நகர்ந்தன.

மாசிலாமணி ஓரமாகப் போய் நின்று படிவங்களைப் புரட்டினார். அவர் கணக்கில் ஏறியிருந்த இரண்டு குழந்தைகளையும் பார்த்தார். ஒன்று பத்து மாதம். ஒன்று ஏழு மாதம். இரண்டுக்கும் பெயர் இருந்தது.

"முப்பத்து நாலு வருஷம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்," என்றார்.



*

ஏகாம்பரம் மேஜையைத் தட்டினார். "இப்பவே நம்ம ஊர்ல திரும்பக் கேளுங்க. இந்த வார்த்தையைப் போட்டுக் கேளுங்க. நாலு நாள்ல முடிச்சிடலாம்."

மாசிலாமணிக்கு இரண்டு நாளாகக் கால் வீங்கியிருந்தது. நாற்காலியில் காலைத் தூக்கி வைத்திருந்தார். அவருக்கு ஒரு விஷயம் தெரியும். தெரிந்ததை யாராவது இல்லை என்று சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. குருவைப் பார்த்தார்.

"தோழர், நம்ம ஊரில் மட்டும் கேட்டால் போதுமா?"

"போதும் சார்!" என்றார் ஏகாம்பரம். "நாவல்மேட்டுல எதுக்கு? இருநூறு வீடு. அதுவும் அங்க கேட்டா அங்கயும் ஏறும். நம்ம தலையில நாமளே மண்ணைப் போட்டுக்கணுமா?"

தனகோட்டி மூலையில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டினார்.

"நாவல்மேட்டுக்கு அடுத்த பஸ் எத்தினி மணிக்கு?"

*

சங்கத்துப் பெண்கள் எட்டுப் பேர் வீடு வீடாக நடந்தார்கள். கொடிப்பாக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. நாவல்மேட்டில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. இரண்டு ஊரிலும் ஒரே கேள்வி. நாவல்மேட்டில் சிலர் 'தங்கல' என்பதற்குத் 'தக்கல' என்றார்கள். மாசிலாமணி அதையும் படிவத்தில் எழுதச் சொன்னார்.

ஒவ்வொரு வீட்டிலும் முதலில் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். பழைய படிவத்தில் அது நான்கு வரி. இப்போது ஒரே வரி. 'உன் பேரையும் உன் பிள்ளையையும் பத்தி வெளியில யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்.' அதைச் சொன்ன பிறகுதான் பெண்கள் பேசினார்கள். சிலர் அதன் பிறகும் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்கள். பெயர் வைக்காத பிள்ளையைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசுவதில்லை. இருக்கிற பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். பிள்ளைத்தாய்ச்சி காதில் விழவே கூடாது என்பார்கள்.

ஒரு வீட்டில் கணவன் திட்டித் துரத்தினான். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. நாவல்மேட்டில் ஒருவர், "உங்க ஊரு ஓடை நாறினா எங்க ஊர்ல வந்து இன்னா மோந்து பாக்குறீங்க?" என்றார். தனகோட்டி அவர் வீட்டிலேயே மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். அவர் மனைவி இரண்டு சொன்னாள்.

ஒன்பதாம் நாள் ஒரு வீடுதான் பாக்கி. நூற்று நாற்பது. மாசிலாமணி அதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தார். அது தனகோட்டியின் வீடு.

தனகோட்டி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். உள்ளே மகள் வளர்மதி நிறைவயிற்றோடு கட்டிலில் படுத்திருந்தாள். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது.

மாசிலாமணி வாக்கைப் படித்தார். தனகோட்டி தலையாட்டினார்.

"தோழர், உங்களுக்கு எத்தனை தங்கல?"

தனகோட்டி வாளியை நகர்த்திவிட்டு எழுந்தார். கதவை இழுத்துச் சாத்தினார்.

"ஒண்ணு."

"எத்தனை நாள்?"

"பத்தொம்போது."

"ஆணா, பெண்ணா?"

"பொண்ணு. எட்டு வருசமாச்சு."

"பேர்?"

"வைக்கல."

மாசிலாமணி எழுதினார். பிறகு பையிலிருந்து பழைய படிவத்தை எடுத்தார். நூற்று நாற்பதாம் எண். பதினான்காவது கேள்விக்கு நேரே 'இல்லை' என்று இருந்தது. கையெழுத்து தனகோட்டியுடையது.

"உங்களுக்குமா அந்தச் சொல் புரியல?"

"புரிஞ்சுது."

"பிறகு ஏன்?"

சாத்திய கதவுக்குப் பின்னால் வளர்மதி புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. தனகோட்டி அலசிய துணியைப் பிழிந்தார்.

"அடுத்த கேள்வி கேளுங்க சார்," என்றார்.

*

கணக்கு வந்தது. கொடிப்பாக்கத்தில் பத்து வருடத்தில் பிறந்தவை இருநூற்று அறுபத்தெட்டு. தங்காதவை முப்பத்தொன்று. நாவல்மேட்டில் பிறந்தவை இருநூற்று நாற்பது. தங்காதவை ஏழு.

ஏகாம்பரம் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அமர்வு தாலுகா அலுவலகத்தின் நீண்ட கூடத்தில் நடந்தது. தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. அவருக்கு வலப்புறம் ஒரு மருத்துவர், பெண்மணி. இடப்புறம் ஒரு பொறியாளர்; அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஓர் எழுத்தர் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். சாட்சிகளுக்குப் போட்ட பெஞ்சுகளில் கொடிப்பாக்கத்துப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வளர்மதியும் வந்திருந்தாள். வர வேண்டாம் என்று சொல்லியும் வந்திருந்தாள்.

மாசிலாமணி எண்களைப் படித்தார்.

கம்பெனியின் வழக்கறிஞர் எழுந்தார். "தங்கல என்பது எந்த மருத்துவ நூலில் இருக்கிற நோய்?"

"நோய் இல்லை ஐயா. ஜனங்கள் சொல்கிற சொல்."

"முதல் ஆய்வில் இரண்டு. பத்து நாளில் முப்பத்தொன்று. இடையில் யார் கொன்றார்கள்?"

பெஞ்சில் முனகல் எழுந்தது.

"முதல் கேள்வி தவறு," என்றார் மாசிலாமணி. "அந்தப் படிவத்தையும் கொடுத்திருக்கிறேன். எதையும் மறைக்கவில்லை."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். "பத்து வருட நினைவை நம்பிக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். நினைவு தவறுமே?"

"தவறும் டாக்டர். தவறினால் நாவல்மேட்டிலும் தவறியிருக்கும். அங்கேயும் இதே ஆட்கள் போனார்கள், இதையேதான் கேட்டார்கள்."

மருத்துவர் ஏதோ குறித்துக்கொண்டார். "அதைத்தான் கேட்க நினைத்தேன்," என்றார் மெதுவாக.

வழக்கறிஞர் உட்காரவில்லை. "பிறப்புப் பதிவு இல்லை. இறப்புப் பதிவு இல்லை. சரி, பெயராவது இருக்கிறதா? முப்பத்தொரு பெயர். பெயரில்லாத ஆளை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவீர்கள்?"

எழுத்தர் தலைவரைப் பார்த்தார். "பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுப் பதிய வழியில்லைங்க ஐயா."

"படிவங்களைக் கொடுங்கள்," என்றார் தலைவர். "யார் யார் என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

மாசிலாமணி மடியில் இருந்த பையின் மேல் இரண்டு கையையும் வைத்தார்.

"மன்னிக்கணும். வெளியில் சொல்ல மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் கேட்டோம்."

"யாரிடம்? எங்களிடமுமா?"

"யாரிடமும்."

தலைவர் பெருமூச்சு விட்டார். அவரும் காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்தார். "பேராசிரியரே, உங்கள் எண்கள் எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை. ஆனால் ஆளே இல்லாத எண்ணை நான் எப்படி ஏற்பது? ஒரு தாயாவது பெயரோடு, நாளோடு சாட்சிகள் முன்னால் சொன்னால் மற்றதையும் சேர்த்து எடுத்துக்கொள்ள முடியும். இல்லையென்றால் இது வெறும் தாள்."

மாசிலாமணி பெஞ்சுகளைப் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்பது போலாகிவிடும். ஜெகதா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். யாரும் எழவில்லை.

வழக்கறிஞர் தன் தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

தனகோட்டி எழுந்து மாசிலாமணியின் மேஜைக்கு வந்தார். "என் படிவத்தைக் குடுங்க சார்."

"வேண்டாம் தோழர்," என்றார் மாசிலாமணி தாழ்ந்த குரலில். "உங்களுக்கும் அதே வாக்குதான் கொடுத்தேன். நான் எடுத்துக் கொடுத்தால் நாளைக்கு எந்த வீட்டு வாசலில் போய் நிற்பேன்?"

"வாக்கு நீங்க குடுத்தது. நீங்க காப்பாத்துங்க. புள்ள நான் பெத்தது."

மாசிலாமணி பையைத் திறக்கவில்லை. தனகோட்டி காத்திருக்கவுமில்லை. எழுத்தரிடம் போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வாங்கினார். மேஜை ஓரத்தில் குனிந்து எழுதத் தொடங்கினார். மூன்று வரி எழுதினார். நாலாவது வரியில் பேனா நின்றது.

பெஞ்சில் வளர்மதி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு தங்கை பிறந்தது தெரியும். அதைப் பற்றி அந்த வீட்டில் எட்டு வருடமாக யாரும் பேசியதில்லை.

மாசிலாமணி எழுந்து குருவின் பக்கத்தில் போய் நின்றார்.

"தோழர், பேர் வைக்கல என்று சொன்னீங்களே. இப்போ என்ன எழுதப்போறீங்க?"

"வைக்கலன்னுதான் சொன்னேன்," என்றார் தனகோட்டி. "நெனைக்கலன்னு சொல்லலியே."

அவர் நாலாவது வரியை எழுதினார். தாளை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சாட்சிகளுக்குக் கேட்கணும்மா," என்றார் எழுத்தர். "சத்தமாகப் படிங்க."

தனகோட்டி தலைவர் பக்கம் திரும்பவில்லை. பெஞ்சுகளின் பக்கம் திரும்பிப் படித்தார்.

"தாய், தனகோட்டி. பொண்ணு. தங்கினது பத்தொம்போது நாள். பேரு, பூங்காவனம்."